ஜன்னலைத் திறக்கச் சொன்னவள்

ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் மூக்கு வேலையை ஆரம்பித்துவிடும். 1990 முதல் 2022 வரை ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடைப்பட்ட ஊர்களில் கிராம சுகாதாரச் செவிலியராக அலைந்ததில், ஓய்வூதியம் போக எனக்கு மிஞ்சிய சொத்து இந்த மூக்கு ஒன்றுதான். இது மரத்தூள் அடுப்பு வீடு, இது சுவரில் ஓதம் ஏறிய வீடு, இது ராத்திரி கொசுவர்த்தி கொளுத்திவிட்டு ஜன்னலைச் சாத்திப் படுத்த வீடு என்று உள்ளே போகாமலே சொல்லிவிடுவேன். குழந்தையை அதற்குப் பிறகுதான் தூக்குவேன். டாக்டரிடம் போகும் குழந்தை குளித்து, பவுடர் பூசி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகிறது. அது தூங்கும் இடத்தைப் பார்ப்பது நாங்கள்தான்.

இந்த மூக்கு என்னை ரொம்ப வருஷம் ஏமாற்றியும் இருக்கிறது. வாசனையைக் கண்டுபிடித்துவிட்டால் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன்.

2009 ஜனவரியில் அயப்பாக்கத்தில் ஒரு லைன் வீட்டுக்குப் போனேன். நீளமான ஒரே சுவர், அதில் ஏழு கதவு, மேலே ஆஸ்பெட்டாஸ் ஷீட், கோடியில் பொதுக் கக்கூஸ். மூன்றாவது கதவுக்காரர்கள் விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். புருஷனுக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலை. ஏழு மாதக் குழந்தைக்கு மூன்று மாதத்தில் மூன்றாவது தடவை வீசிங். "மூணு தபா கேஸ் வெச்சாச்சு நர்சம்மா. வெச்சா ரெண்டு நாள் நல்லாருக்கு, மறுபடி இழுக்குது" என்றாள் அந்தப் பெண். நெபுலைசருக்கு எங்கள் பக்கத்தில் 'கேஸ் வைக்கறது' என்றுதான் பெயர்.

அறையின் மூலையில் பிஸ்கட் டப்பா மூடி கிடந்தது. அதில் சுருள் சுருளாகச் சாம்பல், ஒடியாமல், பாம்பு படுத்த மாதிரி. பத்துக்குப் பத்து அறை. ஒரே ஜன்னல், அதுவும் சாத்தியிருந்தது. 19 வருஷமாகச் சொல்லிவந்த வசனத்தைச் சொன்னேன். "கொசுவர்த்தி வைக்காதம்மா. ஜன்னலைத் திறந்து வை. குழந்தைக்குக் காத்தோட்டம் வேணும்."

அவள் கோபப்படவில்லை. "நீங்க ஒரு ராத்திரி இங்க படுத்துப் பாருங்க நர்சம்மா, அப்புறம் சொல்லுங்க" என்று எழுந்துபோய்க் கொக்கியைத் தள்ளி ஜன்னலைத் திறந்தாள். வெளியே மூன்றடி தூரத்தில் மூடியில்லாத சாக்கடை. ஓடவில்லை, நின்றது. கறுப்பாக, மேலே ஆடை கட்டி, பிளாஸ்டிக் பைகளோடு. பகல் பதினோரு மணிக்கே கொசு எழும்பி வந்தது. அவள் ஜன்னலைச் சாத்தினாள்.

சாக்கடை நின்றால் கொசு வரும். கொசு வந்தால் ஜன்னலைச் சாத்துவார்கள். சாத்திய அறையில் சுருள் எரியும். எரிந்த புகை வெளியே போக வழியில்லாமல் குழந்தையின் நெஞ்சுக்குள் போகும். நான் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியைப் பிடித்துக்கொண்டு, அதன் முனையில் நின்ற பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பதிவேட்டில் குழந்தையின் எடைக்குக் கட்டம் உண்டு, தடுப்பூசிக்கு உண்டு, தாய்ப்பாலுக்கு உண்டு. ஜன்னலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எழுதக் கட்டம் இருந்ததில்லை.

சுருளின் புகை ஒன்றும் சின்ன விஷயமில்லை. சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை எரித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2003இல் வந்தது. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடுவதற்குச் சமம் என்றது. கொசுவை விரட்டும் மருந்து சுருளில் கொஞ்சம்தான். மீதியெல்லாம் மரத்தூளும் தேங்காய் ஓட்டுத் தூளும் மாதிரி எரிவதற்கென்றே சேர்த்தது. ராத்திரி பத்து மணிக்குக் கொளுத்தினால் விடியும்வரை எரியும். பெரியவர்கள் எழுந்து வேலைக்குப் போய்விடுவார்கள். பாயில் தரையோடு தரையாகக் கிடக்கும் குழந்தைதான் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். அதன் மூச்சு நம்முடையதைவிட வேகம் வேறு.

அந்த வீட்டுக்கு மறுபடி போனேன், இந்தத் தடவை கொசுவலையோடு. கட்ட முடியவில்லை. "ஹவுஸ் ஓனர் ஆணி அடிக்கக் கூடாதுன்னுட்டாரு" என்றாள். வாடகை வீட்டின் சட்டம் எந்தச் சுகாதாரக் கையேட்டிலும் இல்லை! சுவரில் ஆணி கூடாது, ஜன்னல் சட்டத்தில் கம்பி வலை கூடாது, வெளியே துணிக்கொடி கூடாது. அதனால் ஈரத்துணியும் அதே அறைக்குள்தான் காயும். கடைசியில் கூரைக் குழாயில் ஏற்கெனவே தொங்கிய புடவைத் தூளிதான் வழி காட்டியது. வலையைத் தூளிக்கு மேலேயே போர்த்தி, இரண்டு முனையிலும் நாடா போட்டுக் கட்டினோம். மூச்சு முட்டாமல் தளர்வாக, துணி முகத்தில் விழாமல். சுருளை வாசற்படிக்கு வெளியே தள்ளினோம். அந்தக் குழந்தைக்கு அதற்குப் பிறகும் ஒரு தடவை வீசிங் வந்தது. வராமலே போயிருந்தால் கதை அழகாக இருந்திருக்கும்.

2015இல் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவித்தவர்களுக்கு 16 பொருள்கள் கொண்ட குழந்தை நலப் பெட்டகம் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதில் குழந்தைக்கான கொசுவலையும் இருந்தது. வீட்டுக்கு வீடு தேடுவேன். சோப்பு கரைந்திருக்கும், எண்ணெய் தீர்ந்திருக்கும், கிலுகிலுப்பை உடைந்திருக்கும். வலை மட்டும் கவர் பிரிக்காமல் பரண் மேல் இருக்கும். "நல்ல பொருளு, அழுக்காயிடும்னு வெச்சிருக்கோம்." அந்தக் கவரை என் கையாலேயே கிழிப்பேன். அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு.

பையில் நான் தூக்கிச் சுமந்ததில் உருப்படியான கருவி கைக்கடிகாரம்தான். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் சும்மா இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குவது திருட்டு வேலை. இரண்டு மாதத்துக்குக் கீழே 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயதுவரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலே வேகமூச்சு, நிமோனியாவாக இருக்கலாம், மருந்து வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் அங்கே நின்று பேசிக்கொண்டிருக்கக் கூடாது. 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்த பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவது சுலபமானது. அதற்கு முன்னால் ஷேர் ஆட்டோவும் 'பால் வண்டி போகுதா பாரு'வும்தான்.

இதைத் தாய்மார்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். கடிகாரம் இல்லாத வீட்டில் டி.வி. விளம்பரத்தை வைத்து எண்ணுவோம். பருத்திப்பட்டில் ஒரு ஆயா, பேத்தியின் மூச்சை எண்ணிவிட்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். பூ விற்றவள் என்பதால் எண்ணிக்கை மட்டும் தப்பாது.

அதே ஆயாதான் குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதியவளும். இந்தப் பழக்கத்தோடு நான் போட்ட சண்டைக்கு அளவில்லை. விளக்கெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ இரண்டு சொட்டு மூக்கில் விட்டு, வாயால் ஊதி, 'சளியை இறக்குவார்கள்'. தண்ணீர் மூச்சுக்குழாயில் போனால் குழந்தை இருமித் தள்ளிவிடும். எண்ணெய் வழுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிவிடும், நுரையீரலில் தங்கிவிடும். தென்னிந்தியக் குழந்தைகளின் எண்ணெய் நிமோனியா பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 1973லேயே கட்டுரை வந்திருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்ததே அதற்கு 17 வருஷம் கழித்து. ஆனாலும் ஒவ்வொரு வீட்டிலும் முதல் தடவை சொல்வதுபோலத்தான் சொல்ல வேண்டியிருந்தது. நெஞ்சில் கற்பூரம் குழைத்துத் தடவுவதும் அப்படித்தான். பச்சைக்குழந்தைக்கு அதனால் வலிப்பே வரலாம் என்றால், "எங்க ஆத்தா எனக்குத் தடவல?" என்பார்கள். குழந்தையின் வயிற்றில் சிக்கியதை ஊதி எடுப்பதாகச் சொல்லித் 'தொக்கம்' எடுக்கிறவர்களைப் பற்றிப் பேசினால் இந்தக் கட்டுரை முடியாது.

சாம்பிராணியில் மட்டும் நான் சமரசம் செய்துகொண்டேன். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, கூடையைக் கவிழ்த்து, புகைக்கு மேல் குழந்தையின் தலைமுடியைக் காட்டுவதை நிறுத்தச் சொன்னால், அந்த வீட்டில் அடுத்த தடவை தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள். அதனால் பேரம். "தலையைத் துண்டால நல்லாத் துவட்டுங்க. சாம்பிராணி வீட்டுக்குப் போடுங்க. போடறப்போ குழந்தையை நீங்க தூக்கிட்டுப் போயி வாசல்ல உக்காருங்க ஆயா, நீங்கதான் பெரிய மனுஷி." பெரிய மனுஷிக்கு வேலை கொடுத்துவிட்டால் பாதி ஜெயம்.

நான் வேலைக்கு வந்த புதிதில் வீடுகளின் வாசனையே வேறு. சவுக்கு மிளாறு, வரட்டி, மரவாடியிலிருந்து மூட்டையாக வாங்கிய மரத்தூள், கிருஷ்ணாயில் ஸ்டவ். (கிருஷ்ணாயிலை ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைத்து, குழந்தை எடுத்துக் குடித்து, பதறிப்போய் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்து, அந்த வாந்தியிலேயே எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விட்ட கேஸ் நானே மூன்று பார்த்தேன். வாந்தி எடுக்கவே வைக்கக் கூடாது.) 2006க்குப் பிறகு அரசு இலவச கேஸ் அடுப்பு வந்தது. பானையின் கரி போனது, பெண்களின் கண்ணெரிச்சல் போனது. இனி குழந்தைகளின் நெஞ்சுச்சளியும் போய்விடும் என்று கூட்டத்தில் நானே மைக் பிடித்துப் பேசியிருக்கிறேன்.

அது அவ்வளவு நேராக நடக்கவில்லை. எங்கள் பக்கத்துப் போரூர் ஸ்ரீராமச்சந்திரா ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வு ஒன்று உண்டு. இந்தியா, கவுதமாலா, பெரு, ருவாண்டா என நான்கு நாடுகள், சுமார் 3,200 கர்ப்பிணிகள். இந்தியாவில் விழுப்புரமும் நாகப்பட்டினமும். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசம், மீதிப் பேர் விறகடுப்பிலேயே. விறகடுப்பு வீடுகளில் சுவாசித்த நுண்துகள் கன மீட்டருக்கு 66 மைக்ரோகிராம், கேஸ் வீடுகளில் 24தான். 2024இல் முடிவு வெளியானது: குழந்தைகளின் கடும் நிமோனியா இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு யோசித்தேன். அந்த 24கூட உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஆண்டு அளவான 5க்கு எங்கேயோ மேலே இருக்கிறது. நிமோனியாவுக்குப் புகை ஒரு வாசல்தான். கிருமி, எடைக்குறைவு, நெரிசல் என்று வேறு வாசல்களும் உண்டு. அடுப்பை மாற்றினால் வீடு மாறிவிடாது, தெருவும் மாறிவிடாது. கேஸ் அடுப்பு வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. புகையில் வெந்த பெண்களைப் பார்த்த நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாப் பழியையும் சமையலறையில் நிற்பவள் தலையில் கட்டிய என் மைக் பேச்சை இப்போது யாராவது போட்டுக் காட்டினால் எழுந்து போய்விடுவேன்.

என் அனுபவத்தில் குழந்தைகளின் நெஞ்சைக் காப்பாற்ற அதிகம் உதவியது ஊசிதான் என்று படுகிறது. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதலில் வந்த ஐந்து நோய் ஊசியில், நிமோனியாவை உண்டாக்கும் ஹிப் கிருமிக்கும் காப்பு இருந்தது. 2021 ஜூலையில் நிமோகாக்கல் ஊசி இலவசமாக வந்தது: 6 வாரம், 14 வாரம், 9 மாதம். அதுவரை தனியார் ஆஸ்பத்திரியில் ஆயிரக்கணக்கில் காசு கொடுத்துப் போட்ட ஊசி. லைன் வீட்டுக் குழந்தைக்கு என் கையால் அதைப் போட்டபோது கை கொஞ்சம் நடுங்கியது.

ஊசிக்கு வருகிற தாய், இன்ஹேலருக்கு வர மாட்டாள். எங்கள் பக்கத்தில் இருமுகிற, இளைத்த குழந்தைக்கெல்லாம் 'பிரைமரி காம்ப்ளெக்ஸ்' என்று ஒரு பெயர் ஒட்டிவிடும். அது காசநோயின் ஆரம்பம். நிஜமாகவே இருந்தவர்களும் உண்டு. ஆனால் வெறும் வீசிங் குழந்தை, சரியான பரிசோதனை இல்லாமல் ஆறு மாதம் மாத்திரை விழுங்கியதையும் பார்த்திருக்கிறேன். எந்த டாக்டர் என்பது இங்கே வேண்டாம். ஆறு மாத மாத்திரைக்குச் சம்மதிக்கிற குடும்பம், "பஃப் ஆரம்பிச்சா விடவே முடியாதாம், பொட்டப்புள்ள, நாளைக்குக் கல்யாணம் ஆகணும்" என்று இன்ஹேலரை மறைத்து வைக்கும். உறிஞ்சும் மருந்து மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவில் நேராக நுரையீரலுக்குப் போகிறது என்று எத்தனை முறை சொன்னாலும், அரிசி டின்னுக்குள்தான் அதன் இருப்பிடம்.

காசநோய் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. வீட்டைக் குறை சொல்லியே பழகிய எங்களுக்குப் பயிற்சியின்போது ஒரு ஆசிரியை சொன்னது. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு அது. காசநோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்தில் நல்ல காற்று, நல்ல சாப்பாட்டோடு வைத்தார்கள். இன்னொரு பகுதியினர் தங்கள் நெரிசல் வீடுகளிலேயே இருந்து மருந்து சாப்பிட்டார்கள். 1959இல் முடிவு வந்தபோது வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமாகியிருந்தார்கள். உலகமே சானடோரியங்களை மூட ஆரம்பித்ததில் நம் ஊர்க் குடிசைகளுக்குப் பங்கு உண்டு. அந்த ஆசிரியை சொல்லி முடித்துவிட்டு, "அதனால வீட்டுக்குள்ள போகும்போது மூக்கைச் சுளிக்காதீங்க" என்றார். நான் சுளித்துக்கொண்டுதான் போனேன்.

ஆண்களிடம் பேச எனக்கு வராது. "நான் வெளியில போயித்தான் சிஸ்டர் சிகரெட் பிடிக்கிறேன்" என்பார்கள்; பிடித்துவிட்டு வந்த சட்டையோடு குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவார்கள். எஸ்டேட்டில் கிரைண்டிங், பஃபிங் வேலை செய்கிறவர்களின் யூனிஃபார்மை உதறினால் சாம்பல் நிறத்தில் தூசி பறக்கும். குளித்து, உடை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று ஒருவரிடம் சொன்னேன். "கம்பெனில குடிக்கவே கேன் தண்ணி சிஸ்டர்" என்றார்.

போகி விடியலில் தெருவே டயர் புகையில் மூழ்கும். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியாமல் திரும்பின. அன்றைக்கு மட்டும் நானும் ஜன்னலைச் சாத்தச் சொல்வேன்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம். ஆவடியில் என் சொந்த வீட்டில், கீழ்த்தளத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர் நின்றது. வடிந்ததும் பினாயில் போட்டுக் கழுவினோம். பொங்கலுக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று, சுவர் உள்ளே காய்வதற்குள் பெயின்ட் அடிக்க வைத்தவள் நான்தான். காய வேண்டிய ஈரத்தைக் கதவு போட்டுப் பூட்டியாயிற்று. மூன்று வயதுப் பேத்தி தை பிறந்ததிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இருமுவாள். பனி என்றேன். ஐஸ்கிரீம் என்றேன். மகள், பீரோவை நகர்த்திப் பார்க்கலாமா என்று இரண்டு தடவை கேட்டாள். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, எனக்குத் தெரியாதா?" என்றேன்.

மாசி பிறந்த பிறகு ஒரு நாள், எங்கள் பகுதிக்குப் புதிதாக வந்த நகர்ப்புறச் செவிலியர் என் பிரஷரைப் பார்க்க வந்தாள். என் மகளைவிடச் சின்னவள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நின்றாள். "மேடம், சுவத்துல ஓதமா?"

எனக்கு ஒரு வாசனையும் இல்லை. சொந்த வீட்டின் வாசனை மூக்குக்குத் தெரியாது என்பதை 32 வருஷத்தில் நான் யோசித்துப் பார்த்ததில்லை. நாலு பேர் சேர்ந்து பீரோவை நகர்த்தினோம். பின்னால் பெயின்ட் பொரிந்து, ஆளுயரத்துக்குக் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை. பேத்தியின் தலையணை அதிலிருந்து ஒரு முழ தூரம்.

அவள் முறைப்படி எல்லாம் சொன்னாள். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு நன்றாகக் காயவிட வேண்டும், சோப்புத் தண்ணீரில் துடைக்கும்போது குழந்தை அந்த அறையில் இருக்கக் கூடாது, பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட வேண்டும், பேத்தியைக் குழந்தை டாக்டரிடம் காட்ட வேண்டும். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியாக, "ஜன்னலை நல்லாத் திறந்து வைங்க மேடம், காத்தோட்டம் வேணும்" என்று அவளே எழுந்துபோய்த் திறந்தாள். புயலுக்குப் பிறகு தூர் வாராத மழைநீர்க் கால்வாய் அந்தப் பக்கம்தான்.

கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தபடி நின்றாள். பிறகு அவளே சாத்தினாள்.